வெற்றுப் பெட்டியின் எடை

நன்றாகப் பழுத்த ஒன்றைப் பிதுக்கி
கிளாஸில் மூன்று நாள் ஊற வைத்தேன்.
நாற்றம் பொறுக்காமல் செல்வநாதன்
தூக்கிக்கொண்டு போய்க் கானோரம் வைத்தார்.
நாறினால்தான் வழவழப்புக் கழலும்.
கழுவிப் பழைய பேப்பரில் உதறினேன்.
மெல்லிய மயிரோடு,
சவரம் செய்த தாடித் தூள் மாதிரி
கிடந்தன அத்தனையும்.

முட்டைத் தட்டில் முப்பது குழி.
குழிக்கு இரண்டு விதை:
ஒன்று எனக்கு, ஒன்று என் பயத்துக்கு.

ஆறாம் நாள் வளைந்த கழுத்துகள்
மண்ணை முட்டிக்கொண்டு வந்தன.
பத்தாம் நாள் ஒன்பது நாற்று
அடித்தண்டு கறுத்துப் படுத்துவிட்டன.
அன்பு அதிகம், தண்ணீரும் அதிகம்.
அதற்குப் பிறகு விரலை நுழைத்துப் பார்க்காமல்
ஒரு சொட்டும் விட்டதில்லை.

லயத்துக்குப் பின்னால்,
கக்கூசுக்கும் தேயிலைக்கும் நடுவே,
ஆறடி அகலம், தோட்டத்துக்கு மறந்துபோன மண்.
கழுத்துவரை புதைத்து நட்டேன்.
புதைத்த இடமெல்லாம் வேர் விடுகிற சாதி இது.
யூரியாச் சாக்கின் நூலை உருவி
காட்டுச் சூரியகாந்திக் கம்பில் கட்டினேன்.

பதினெட்டு வருஷம் கொழுந்து எடுத்த விரல்.
தேயிலையில் நுனியைக் கிள்ளினால் பக்கம் வெடிக்கும்.
தக்காளியில் கக்கத்தைக் கிள்ளினால் நுனி உயரும்.
தெரிந்தும் முதல் வாரம்
மூன்று செடியின் தலையை எடுத்துவிட்டேன்.
கட்டைவிரலைச் சொல்லிக் குற்றமில்லை,
அது இன்னும் மலையில் நின்றது,
முதுகில் கூடையோடு.

பூத்தபோது பத்து நாள் பனிமூட்டம்.
காற்றில்லை, தேனீயில்லை.
பள்ளிக்கூடம் போகிற வழியில் தர்ஷிகா
ஒவ்வொரு கம்பையும் அடிமட்டத்தால்
இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்,
வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே.
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்குகிற இடத்துச் செடி
இரண்டு தட்டு கூடுதலாக வாங்கியது.
அதில்தான் அதிகம் காய்த்தது.

காய்த்ததில் சிலது அடி கறுத்தது.
கொழுந்து குறைந்து நான் இருட்டி வந்த கிழமை அது.
மூன்று நாள் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளம் விட்டேன்.
முட்டை ஓட்டை இடித்துப் போட்டேன், சுண்ணாம்பும் கரைத்தேன்.
ஆனாலும் அது கேட்டது ஒன்றே ஒன்று:
தினமும் வா.

பிறகு கருகல்.
சுடுநீர் பட்டது போல் ஓர் இலையில் ஒரு புள்ளி.
மறுநாள் கைப்பிடி இலை.
கீழ் இலை எல்லாவற்றையும் கழித்து அடுப்பில் போட்டு,
நான்கு செடியை வேரோடு பிடுங்கி,
மிச்சத்துக்கு மேல் பொலித்தீன் கட்டினேன்.
அன்றிரவு மழை சத்தமாகத் தட்டியது.
நான் எழும்பிப் பார்க்கவில்லை. பயம்.

பதினொன்று தப்பியது.

மூக்கு சிவந்ததும் பறித்தேன், முழுக்கப் பழுக்கும் முன்.
இந்த ரோட்டில் பழுத்தது வெலிமடை சேராது.
விமலசேன முதலாளி
லொறியின் பின்னால் தராசைத் தொங்கவிட்டார்.
பிளாஸ்டிக் பெட்டி, இருபத்தேழு காட்டியது.
“பெட்டிக்கு மூணு” என்று பேனாவைத் திறந்தார்.

மூணு.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
மலையில் ஒவ்வொரு நாளும் கழிந்த அதே மூணு.
அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.
பதினெட்டுக்கு அரைக் கிலோ குறைந்து
அரைப் பேரோடு இறங்கியிருக்கிறேன்.

“வெறும் பெட்டியை நிறுங்க” என்றேன்.
சிங்களத்தில் ஒருமுறை,
பிறகு தமிழில்,
எனக்கும் கேட்கட்டுமென்று.

படங்கை விரித்துப் பழத்தைக் கொட்டினேன்.
டிரைவர் ஹோர்ன் அடித்தான்.
பின்னால் ஒரு பஸ் நின்றது.
முள் ஆடி நின்ற இடம், ஒரு கிலோ நானூறு.
முதலாளி முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
ஒன்றரை என்று எழுதினார்.
சரி, அந்த நூறு கிராம் போகட்டும்.

கொட்டி அள்ளியதில் நான்கு பழம் நசுங்கிவிட்டது.
மூன்றைக் குழம்பு வைத்தேன்.
நாலாவது கிளாஸில், கானோரம்.
செல்வநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு
சுற்றிப் போகிறார்.